பின்னால் இருப்பவரையும் கேட்டு பைக் எடுப்போம்



பதிவு கொஞ்சம் நீளம்தான். ஆனால் புதிதாக பைக் எடுக்க யோசித்துக்கொண்டிருப்பவர்கள், லீசிங் பேப்பரில் கையொப்பம் வைக்க முன்னர் ஒருமுறை இதை வாசித்துவிட்டுப் போங்கள்.

விஷயம் இதுதான். உயரம் குறைந்த ஒருவர், பின்னால் மனைவியையோ உம்மாவையோ ஏற்றிக்கொண்டு தூரப் பயணம் போவதற்கு எப்படிப்பட்ட மோட்டார் சைக்கிளை எடுக்க வேண்டும்?

இதெல்லாம் ஒரு ஆசிரியர் எழுத வேண்டிய விஷயமா என்று சிலர் கேட்கலாம். நம் கரையோர ஊர்களில் பைக் என்பது விளையாட்டுச் சாமான் இல்லை. அதுதான் குடும்பத்தின் வாகனம். கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் பொத்துவிலிலும் கார் வைத்திருக்கும் வீடுகளை எண்ணிவிடலாம், பைக் இல்லாத வீட்டைத்தான் தேட வேண்டும். அம்பாறை ஆஸ்பத்திரி கிளினிக்குக்கும், மட்டக்களப்புக்கும், கஷ்டப் பிரதேசப் பாடசாலைக் கடமைக்கும், விடுமுறையில் பண்டாரவளை, கண்டி என்று உறவுகளைப் பார்க்கவும் நாம் இதில்தான் போகிறோம். அநேகமாக இரண்டு பேராகத்தான் போகிறோம். ஆனால் பைக்கைத் தெரிவு செய்யும்போது மட்டும் ஒற்றை ஆளாக ஷோறூமுக்குப் போகிறோம். நம் முறைப்பாடே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நாம் சொல்ல வருவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். தூரப் பயணத்துக்கான பைக்கை எஞ்சின் சிசியையும் தோற்றத்தையும் வைத்து எடுக்காதீர்கள். ஓட்டுபவரின் இடது பாதம் தரையில் எப்படிப் படுகிறது, பின்னால் இருப்பவர் இரண்டு மணித்தியாலம் வலியில்லாமல் இருக்கிறாரா, இந்த இரண்டையும் வைத்து எடுங்கள். மற்றதெல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

உயரமான பைக்கின் மோகம்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் திறந்தது. ஐந்து வருஷம் பழைய பைக்கைத் தட்டித் தட்டி ஓடிய நம் தம்பிமார் இப்போது ஆசையோடு புதுசைப் பார்க்கிறார்கள். ஆசைப்படுவதில் பிழையில்லை. ஆனால் அதிகம் பேரின் கண் போவது உயரமான, அகன்ற ஹேண்டில் உள்ள, காடு மலை ஏறும் தோற்றமுள்ள பைக்குகளின் மேல். யூடியூப்பில் ஆறடி உயரமான ஒருவர் அதில் லடாக் மலை ஏறுவதைப் பார்க்கிறார்கள். ஐந்தடி மூன்று அங்குலமுள்ள நம் தம்பி அதே பைக்கில் மனைவியையும் ஏற்றிக்கொண்டு மஹியங்கனை பதினெட்டு வளைவில் நிற்க வேண்டி வந்தால் என்ன ஆகும் என்று அந்த வீடியோ சொல்லாது.

இதில் ஒரு வெட்கமும் கலந்திருக்கிறது. "கால் எட்டுமா மச்சான்?" என்று கூட்டாளிமார் சிரித்தால், எட்டாவிட்டாலும் எட்டும் என்று சொல்லி எடுத்துவிடுகிற வயது அது. உயரம் அல்லாஹ் தந்தது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் ஊர்ப் பெண்களிலும் ஆண்களிலும் பெரும்பாலானோருக்குப் பொருந்தாத அளவில் செய்யப்பட்ட ஒரு பொருளுக்காக நாம் ஏன் நுனிக்காலில் நிற்க வேண்டும்?

ஒரு சின்னக் கணக்கு

"ஒரு கால் எட்டினால் போதும், ஓடுகிற பைக்குக்குக் கால் எதற்கு?" என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். தனியே ஓடும்போது அது பெரும்பாலும் சரி. உயரம் குறைந்தவர்கள் சீட்டில் ஒரு பக்கம் நகர்ந்து, ஒரு காலை முழுமையாக ஊன்றி நிற்கும் பழக்கத்தை வைத்து பெரிய பைக்குகளையும் நன்றாகவே ஓட்டுகிறார்கள். அதை நாம் மறுக்கவில்லை. பின்னால் ஒருவர் ஏறியதும் கணக்கு மாறுகிறது என்பதுதான் நம் வாதம்.

பைக் 140 கிலோ, ஓட்டுபவர் 60, பின்னால் இருப்பவர் 60 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 260 கிலோ. இந்தப் பாரத்தின் மையம் தரையிலிருந்து ஏறத்தாழ 75 சென்றிமீற்றர் உயரத்தில் இருக்கிறது என்று எடுப்போம். பைக் 5 பாகை சாய்ந்தால் அந்த மையம் டயருக்கு வெளியே 6.5 சென்றிமீற்றர் நகர்கிறது. டயரிலிருந்து 40 சென்றிமீற்றர் தள்ளி நீங்கள் ஊன்றிய கால் தாங்க வேண்டிய பாரம் ஏறக்குறைய 42 கிலோ. 10 பாகை சாய்ந்தால் அது 85 கிலோவாகிறது. பைக்கின் எடை 195 கிலோவாக இருந்தால் அதே 10 பாகையில் 100 கிலோவைத் தாண்டும். இது தோராயக் கணக்குத்தான், ஆனால் போக்கு விளங்கும். சாய்வு இரட்டிப்பானால் காலில் விழும் பாரமும் இரட்டிப்பாகும்.

இப்போது உயரம் எங்கே வருகிறது என்று பாருங்கள். கால் நன்றாக எட்டும் ஒருவர் பைக் நேராக நிற்கும்போதே பாதத்தை ஊன்றிவிடுகிறார். கால் சில சென்றிமீற்றர் எட்டாதவருக்கு, பாதம் தரையைத் தொடுவதற்கே பைக் முதலில் சாய வேண்டும். அதாவது பாரம் கூடிய நிலையில்தான் அவருடைய கால் வேலையைத் தொடங்குகிறது, அதுவும் பெருவிரல் நுனியில். அந்த நேரம் பின்னால் இருப்பவர் பயந்து கொஞ்சம் அசைந்தால் போதும்.

தனியே ஓடும்போது சீட்டில் நகர்ந்து சமாளிக்கும் வித்தையும் இங்கே பாதி அடிபட்டுப்போகிறது. பின்னால் ஒருவர் தோளையோ இடுப்பையோ பிடித்துக்கொண்டு ஒட்டி இருக்கும்போது நினைத்த மாதிரி இடுப்பை நகர்த்த முடியாது.

ஏன் இடது கால்?

ஏற்றத்தில் நிற்கும்போது பைக் பின்னால் உருளாமல் இருக்க பின் பிரேக்கை அழுத்த வேண்டும். அது வலது காலில் இருக்கிறது. ஆகவே நிற்கும் பாரம் முழுவதும் இடது காலுக்கு. நாம் வாகனம் ஓட்டுவதும் வீதியின் இடது பக்கம். மழைத்தண்ணீர் வடிய வேண்டும் என்று வீதியின் நடுவை உயர்த்தி ஓரத்தைத் தாழ்த்தியிருப்பார்கள். ஆகவே இடது பாதம் படவேண்டிய தரை, டயர் நிற்கும் தரையை விடக் கொஞ்சம் பள்ளமாக இருக்கும். ஓரத்தில் மணலும் சரளையும் வேறு.

ஷோறூமின் மட்டமான டைல்ஸ் தரையில் எட்டிய கால், பெரகலைக்கும் கொஸ்லந்தைக்கும் இடையில் எட்டாமல் போவது இதனால்தான். அதிவேகப் பாதைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதியில்லை. ஆகவே நம் தூரப் பயணம் எல்லாம் பழைய வீதிகளில்தான். மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் வழியாக மொனராகலை, வெல்லவாய, இரத்தினபுரி என்று கொழும்புக்குப் போகும் ஏ4 வீதியும், அம்பாறை, மஹியங்கனை வழியாகக் கண்டிக்கு ஏறும் வீதியும் ஆரம்பத்தில் மட்டமாக ஏமாற்றிவிட்டுப் பிறகு மலையில் கொண்டுபோய் விடுகின்றன. வளைவில் மேலிருந்து பஸ் இறங்கும்போது ஏற்றத்திலேயே நிற்க வேண்டி வரும்.

இன்னொன்று, பொத்துவிலிலிருந்து சியம்பலாண்டுவை போகும்போது லகுகல காட்டுப் பக்கம் மாலையில் யானை வீதிக்கு வருவது எல்லோருக்கும் தெரியும். தூரத்தில் கண்டவுடன் நிறுத்தி, தேவைப்பட்டால் அந்த ஒடுங்கிய வீதியில் பைக்கைத் திருப்ப வேண்டும். பின்னால் ஆள் இருக்க, கால் நுனியில் நின்றுகொண்டு, பதற்றத்தோடு ஒரு உயரமான பைக்கைத் திருப்புவதை ஒருமுறை மனதில் நினைத்துப் பாருங்கள். பைக் எடுக்கும் அன்று கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

பேப்பரில் உள்ள இலக்கம்

எல்லா பைக்கின் விபரப் பேப்பரிலும் சீட் உயரம் மில்லிமீற்றரில் இருக்கும். முதலில் உங்கள் கால் அளவை எடுங்கள். சுவரோடு ஒட்டி நேராக நில்லுங்கள். ஒரு கொப்பியையோ பாடப் புத்தகத்தையோ இரண்டு கால்களுக்கும் நடுவில், சுவரில் நேராக முட்டும்படி மேல்வரை உயர்த்திப் பிடியுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளந்தால் அதுதான் உங்கள் உள்கால் நீளம். ஐந்தடி மூன்று அங்குலமுள்ள ஒருவருக்கு அது பெரும்பாலும் 72 முதல் 75 சென்றிமீற்றருக்குள் வரும். சப்பாத்தின் அடிப்பாகம் இரண்டு மூன்று சென்றிமீற்றர் கூட்டித் தரும்.

இனி நம் வீதிகளில் பெயர் அடிபடும் சில பைக்குகளைப் பார்ப்போம். கம்பனிகள் சொல்லும் இலக்கங்கள் இவை, மொடலுக்கு மொடல் சிறிது மாறும். ஹீரோ ஸ்பிளெண்டரும் பஜாஜ் பல்சர் 150 உம் 785 மில்லிமீற்றர். யமஹா எப்இசட் 790. சுசுகி ஜிக்சர் 795. ரோயல் என்பீல்ட் கிளாசிக் 350 இன் சீட் 805, அதே கம்பனியின் மீட்டியோர் 350 இன் சீட் 765. பஜாஜ் அவெஞ்சர் 220 இன் சீட் 737 தான். மறுபக்கம் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, ரோயல் என்பீல்ட் ஹிமாலயன் 450 போன்றவை 825 ஐ அண்டி நிற்கின்றன.

அவெஞ்சருக்கும் ஹிமாலயனுக்கும் இடையில் கிட்டத்தட்ட 9 சென்றிமீற்றர் வித்தியாசம். ஐந்தடி மூன்று அங்குலமுள்ளவருக்கு அது முழுப் பாதத்துக்கும் பெருவிரல் நுனிக்கும் உள்ள வித்தியாசம்.

ஆனால் இந்த இலக்கத்தை மட்டும் நம்பவும் கூடாது. சீட்டின் முன் பகுதி அகலமாக இருந்தால் தொடை விரிந்து, கால் நேராக இறங்காது. முன்பக்கம் ஒடுங்கிய 795, அகன்ற 770 ஐ விட நன்றாக எட்டலாம். ஸ்கூட்டர் எடுக்கும் நம் தங்கச்சிமார் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஸ்கூட்டர் என்றால் பதிவு என்று நினைக்கிறோம். ஆனால் அகன்ற சீட்டும், கால் வைக்கும் தட்டின் அகலமும் சேர்ந்து காலை வெளியே தள்ளிவிடும். இலக்கத்தை வைத்துப் பட்டியலைச் சுருக்கலாம், முடிவை உட்கார்ந்து பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

எடையை மறக்க வேண்டாம்

சீட் பதிந்திருந்தால் எல்லாம் சரியா? இல்லை. மீட்டியோரின் சீட் பதிவு, ஆனால் எடை 191 கிலோ. கிளாசிக் 195. பல்சர் 150 இன் எடை 145 ஐ அண்டியது, எப்இசட் 135 ஐ அண்டியது, அவெஞ்சர் 220 கிட்டத்தட்ட 160. கால் எட்டினாலும் 191 கிலோவைக் கடைத்தெருவின் மணலில் பின்னுக்குத் தள்ளி எடுப்பது வேறு வேலை. நாற்பது வயதைத் தாண்டி, முதுகுவலி தொடங்கிய நம் போன்ற ஆட்களுக்கு இது இன்னும் முக்கியம்.

பதிவான குரூசர் பைக்கிலும் குறை இருக்கிறது. கால் முன்னால் நீட்டியிருப்பதால் உடம்பின் பாரம் முழுவதும் நாரியில் விழும். வீதிக் குழியின் அடி நேரே முதுகெலும்புக்கு ஏறும். நீளமான பைக் என்பதால் இறுகிய வளைவில் திருப்ப இடம் கூடத் தேவை. மட்டமான நீண்ட வீதிக்கு அது சுகம், பதினெட்டு வளைவுக்கு அவ்வளவு சுகமில்லை.

ஆகவே நம் அபிப்பிராயம் இது. ஐந்தடி நான்கு அங்குலத்துக்குக் குறைந்தவர், வாரம் முழுவதும் பாடசாலைக்கும் கடைக்கும் ஓடி, மாதம் ஒருமுறை மனைவியோடு தூரம் போகிறவர் என்றால் 150, 160 சிசி வகையில், 150 கிலோவுக்குள், 790 மில்லிமீற்றருக்குள் சீட் உள்ள, பின் சீட் மட்டமாகவும் அகலமாகவும் உள்ள ஒன்றே போதும். இரண்டு பேரோடு மலை ஏற அந்த எஞ்சின் கியரை இறக்கிக் கேட்கும், ஆனால் ஏறும். வேகமாக ஏற வேண்டும் என்று யாரும் நம்மைத் துரத்தவில்லை. மட்ட வீதிப் பயணமே அதிகம், பின்னால் இருப்பவருக்குச் சாய ஒரு முதுகணை வேண்டும் என்றால் அவெஞ்சர் குரூஸ் மாதிரி ஒன்றைப் பார்க்கலாம். பெரிய எஞ்சின்தான் வேண்டும், உடம்பில் பலமும் இருக்கிறது என்றால் மீட்டியோர். 825 மில்லிமீற்றர் பைக்குகள் கால் எட்டுகிறவர்களுக்கு நல்ல பைக்குகள். எட்டாதவர் பின்னால் ஒரு உயிரை ஏற்றிக்கொண்டு போவதற்கு அவை வேண்டாம் என்பதே நம் கருத்து.

100 சிசி பைக்கை ஏளனமாகப் பார்க்கவும் வேண்டாம். 2022 இல் கியூஆர் காட்டி பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற நாட்களில் குடும்பத்தைக் காப்பாற்றியது அந்தச் சின்ன பைக்குகள்தான். ஆனால் இரண்டு பேரோடு நாள் முழுவதும் மலை ஏறுவதற்கு அது களைத்துவிடும். 100 சிசியிலிருந்து 150 க்கு மாறுகிறவர்கள் லைசனையும் பாருங்கள். ஏ1 வகுப்பு 100 சிசி வரைதான், அதற்கு மேல் ஏ வகுப்பு வேண்டும்.

பின்னால் இருப்பவரின் பக்கம்

இனி யாரும் பேசாத பக்கத்துக்கு வருவோம்.

பயணம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் நாம் "பைக் சூப்பர், களைப்பே இல்லை" என்கிறோம். பின்னால் இருந்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுக்கிறார். கேட்டால் "பரவாயில்லை" என்பார். நம் வீட்டுப் பெண்களின் "பரவாயில்லை"க்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா?

இப்போது வரும் பல பைக்குகளில் பின் சீட் சின்னதாகவும், உயரமாகவும், முன்னுக்குச் சரிந்தும் இருக்கிறது. பார்வைக்கு அழகு. இருப்பவர் ஒவ்வொரு பிரேக்குக்கும் முன்னுக்கு வழுக்கி ஓட்டுபவரைத் தள்ளுவார். உயரமாக இருப்பதால் பாரத்தின் மையமும் மேலே போகும். ஏற்கனவே கால் எட்டச் சிரமப்படுகிறவருக்கு அது இரட்டைச் சிரமம். பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இல்லாத பைக்கும் உண்டு. மட்டமான சீட், இரண்டு பக்கமும் உறுதியான கைப்பிடி, முழங்கால் மிக மடங்காத உயரத்தில் கால்மிதி, இந்த மூன்றும் இல்லாவிட்டால் அது இருவர் பைக் இல்லை.

அபாயா விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அபாயாவின் ஓரமோ ஷோலின் நுனியோ பின் சில்லிலும் செயினிலும் சிக்கி நடந்த விபத்துகளைக் கேள்விப்படாத ஊர் நம் பக்கம் இல்லை. துணி சில்லில் சுற்றினால் கண் மூடித் திறக்க முன் ஆளைக் கீழே இழுத்துவிடும், கழுத்தைச் சுற்றிய துணி என்றால் இன்னும் மோசம். நாம் பார்க்கும் பல பைக்குகளில் செயின் இடது பக்கம்தான். நம் பெண்கள் ஒரு பக்கமாக இருக்கும்போது கால் போடுவதும் இடது பக்கம்தான். செயின் முழுவதும் மூடிய கவர் உள்ள பைக்கா, சில்லுக்குப் பக்கத்தில் சாரிகாட் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டைலுக்காக சாரிகாட்டையும் மட்காட்டையும் கழற்றி வைக்கும் பழக்கம் நம் தம்பிமாரிடம் இருக்கிறது. மனைவியை ஏற்றுவதென்றால் அதைத் திரும்பப் பூட்டுங்கள். ஏறியதும் துணியை இழுத்து மடியில் செருகிக்கொள்வதும், ஷோலை உள்ளே சொருகுவதும் ஒவ்வொரு தடவையும் செய்ய வேண்டியது.

ஒரு பக்கமாக இருப்பதா, இரண்டு பக்கமும் கால் போட்டு இருப்பதா என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும். நாம் யாருக்கும் பத்வா கொடுக்க வரவில்லை. ஆனால் பாரத்தின் கணக்கைச் சொல்லியாக வேண்டும். ஒரு பக்கமாக இருக்கும்போது அவருடைய பாரம் இடது பக்கம் தள்ளி இருக்கிறது, பிடிமானமும் குறைவு. ஓட்டுபவர் அதைச் சமப்படுத்திக்கொண்டே ஓட வேண்டும். நிற்கும்போது அந்தப் பாரம் சாய்வதும் நீங்கள் ஊன்றும் அதே இடது காலில்தான். பக்கத்து ஊருக்கு என்றால் பரவாயில்லை. மலைப்பாதைக்கும் நீண்ட தூரத்துக்கும் உள்ளே தளர்வான காற்சட்டை அணிந்து, அகலம் கூடிய அபாயாவோடு இரண்டு பக்கமும் கால் போட்டு இருப்பதே பாதுகாப்பு. பல சகோதரிகள் ஒழுக்கத்துக்கு எந்தக் குறையும் இல்லாமல் அப்படிப் போகிறார்கள். ஹெல்மட் இருவருக்கும் சட்டப்படி கட்டாயம். பின்னால் இருப்பவருக்குப் பழைய, கிளிப் உடைந்த ஹெல்மட்டைக் கொடுப்பதும் கொடுக்காததும் ஒன்றுதான்.

பைக்கைப் பதிப்பது பற்றி

கால் எட்டாத பைக்கை எடுத்துவிட்டு, "கராஜில் கொடுத்துப் பதித்துக்கொள்ளலாம்" என்பவர்களுக்கு இரண்டு வார்த்தை.

பின் சொக் ஸ்பிரிங்கைத் தளர்த்திப் பதிப்பது, ஆளை ஏற்றுகிறவர்களுக்கு நேர் எதிரான வேலை. பின்னால் பாரம் ஏறும்போது ஸ்பிரிங்கை இறுக்கத்தான் வேண்டும். தளர்த்தினால் குழியில் அடி முட்டும், ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும், எதிரே வருகிறவரின் கண் கூசும். முன்னும் பின்னும் இரும்பு மாற்றி முழு பைக்கையே பதித்தால் வேகத்தடையில் எஞ்சின் அடி உரசும். சைட் ஸ்டாண்ட் அளவுக்கு மேல் நீளமாகி, பைக் நேராக நின்று காற்றுக்கே மறுபக்கம் விழும்.

பாதகமில்லாத வழி சீட்டுத்தான். குஷன் வேலை செய்கிறவரிடம் கொடுத்து, ஓட்டுபவர் இருக்கும் பகுதியின் முன் ஓரங்களை மட்டும் செதுக்கி ஒடுக்கினால் கால் நேராக இறங்கும். உயரத்தைக் குறைக்கப் பஞ்சை நடுவில் அதிகம் வெட்ட வேண்டாம், தூரப் பயணத்தில் அதன் விலையை நாரி கொடுக்கும். பின் சீட்டில் கைவைக்கவே வேண்டாம். அடி தடித்த, வழுக்காத சப்பாத்து ஒன்றும் வாங்குங்கள். செருப்போடு தூரம் போகும் பழக்கத்தை விடுவோம்.

ஆளை ஏற்றும்போது பின் டயர் காற்றையும் கூட்ட வேண்டும். பல 150 சிசி பைக்குகளில் தனியே போக 28, ஆளோடு போக 32 என்று ஒட்டியிருப்பார்கள். உங்கள் பைக்கில் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். சாமானை உயரமாகப் பின்னால் அடுக்காமல், பாரமானதை இரண்டு பக்கப் பைகளில் பதிவாகக் கட்டுங்கள். மேலே ஏறும் ஒவ்வொரு கிலோவும் உங்கள் இடது காலுக்குத்தான் வந்து சேரும்.

ஷோறூமில் என்ன செய்வது?

முதலாவது, பின்னால் இருக்கப் போகிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மனைவியோ உம்மாவோ ஷோறூமுக்கு வருவதில் என்ன வெட்கம்? குளிரூட்டி வாங்க இரண்டு பேரும் போகிறோம், உயிரை வைத்து ஏறும் வாகனத்துக்குப் போகக் கூடாதா?

இரண்டாவது, தூரம் போகும்போது போடும் சப்பாத்தோடு போங்கள். இரண்டு பேரும் ஏறி உட்காருங்கள். வலது காலை பிரேக்கில் வைத்துக்கொண்டு, இடது காலை மட்டும் ஊன்றுங்கள். பாதத்தின் முன் பாதியாவது முழுமையாகப் பட வேண்டும், குதி பட்டால் இன்னும் நல்லது. பெருவிரல் மட்டும் பட்டால் நன்றி சொல்லிவிட்டு இறங்குங்கள்.

மூன்றாவது, வெளியே எடுத்து, கொஞ்சம் சரிவான இடத்தில் நிறுத்தி, இருவரும் இருக்க ஒருமுறை திருப்பிப் பாருங்கள். பின்னர் ஆளை இறக்கிவிட்டுப் பத்தடி பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். விற்பனையாளர் அவசரப்படுத்தினால் வேறு கடைக்குப் போங்கள். தவணை கட்டப்போவது நாம்.

நான்காவது, பின்னால் இருந்தவரிடம் கேளுங்கள். கால் எங்கே இருந்தது, கை எதைப் பிடித்தது, முன்னுக்கு வழுக்கியதா? அவர் "இது வேண்டாம்" என்றால் அது வேண்டாம்.

எடுத்த பிறகு ஒரு ஒழுங்கைப் பழகுங்கள். ஓட்டுபவர் முதலில் ஏறி, இரண்டு பிரேக்கையும் பிடித்து, கால் ஊன்றி, "ஏறுங்க" என்று சொன்ன பிறகே மற்றவர் ஏற வேண்டும். இறங்கும்போது அவர் முதலில், சொன்ன பிறகு. நின்ற இடத்தில் பைக் சரியும் சம்பவங்கள் இந்த ஏறி இறங்கும் நேரத்திலும் நடக்கின்றன. முதல் பயணமே நுவரெலியாவுக்கு வேண்டாம். அம்பாறை, பொத்துவில் என்று மட்டப் பாதையில் ஓடி இருவரும் பழகிக்கொள்ளுங்கள்.

நம் தங்கச்சிமாருக்கும் இதே அளவுகோல்தான். உம்மாவை கிளினிக்குக்கு ஏற்றிப் போகும் பிள்ளைகள் இன்று ஊரில் நிறைய. அல்ஹம்துலில்லாஹ், நல்ல மாற்றம். கால் எட்டுவதையும், உம்மா ஏறி இறங்கும் சுலபத்தையும் பார்த்து எடுங்கள். ஸ்கூட்டரில் மலையிலிருந்து நீண்ட தூரம் இறங்கும்போது, கியர் பைக்கில் போல எஞ்சின் பிடித்துக்கொள்ளாது. பாரம் எல்லாம் பிரேக்குக்கே போகும், பிரேக் சூடாகிப் பிடி குறையும். இடையிடையே நிறுத்தி ஆறவிட்டு இறங்குங்கள்.

கடைசியாக ஒன்று. இவ்வளவும் இரண்டு பேருக்கான பேச்சு. காலையில் பாடசாலை வாசலில் நின்றால், டாங்கியில் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் உம்மாவின் மடியில் ஒன்று என்று பிள்ளைகள் இறங்குவதைப் பார்க்கிறோம். எந்த பைக்கை எடுத்தாலும் அதற்குப் பொருந்தாது. அது பற்றித் தனியாக எழுதுகிறோம், இன்ஷா அல்லாஹ்.

பைக் எடுக்கப் போகும் தம்பிமாரை டெக் பண்ணுங்கள். உங்கள் உயரம், ஓட்டும் பைக், பின்னால் ஆளோடு போன தூரம், கால் எட்டிய விதம், இவற்றைக் கொமண்டில் எழுதுங்கள். பின்னால் இருந்து பயணம் செய்யும் சகோதரிகளும் எழுதுங்கள், உங்கள் கருத்துத்தான் இங்கே அதிகம் தேவை. அடுத்து எடுக்கும் ஒருவருக்கு அது கம்பனிப் பேப்பரை விடப் பிரயோசனப்படும்.

பயணங்களை அல்லாஹ் இலேசாக்கி வைப்பானாக.